ரமா மாமியின் ஸ்ருதிக்கு எந்தக் கம்பி

வரப்போகும் மருமகள் ஒரு கேள்வி கேட்டால் யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். ரமா யோசிக்கவில்லை. அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் போன். வாட்ஸப்பில் சினேகாவின் குரல் வந்தது. "ஆன்ட்டி, உங்க ஸ்ருதி எத்தனை கட்டை? பேஸ் கிடாருக்குக் கம்பி ஆர்டர் போடணும்."

'அஞ்சரை' என்று தட்டி அனுப்பிவிட்டு ரசத்தை இறக்கி வைத்தாள்.

அனுப்பியதை அழித்துவிடலாமா என்று போனை எடுத்தாள், வைத்தாள். ஏனென்றால் அது பொய்.

சேலையூரில் கேம்ப் ரோடு பக்கம் பாட்டு டீச்சர் ரமா வீடு எது என்று விசாரித்தால், "அஞ்சரைக் கட்டை மாமியா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். பெண் குரலுக்கு ஐந்தரைக் கட்டை என்பது பெரிய மனுஷி உயரம். ஒரு காலத்தில் ரமா அதில் நின்று அநாயாசமாக மேல் ஸ்தாயிக்குப் போய் வந்தவள். ஐம்பது வயது தாண்டியதும் குரல் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் தானாகக் கீழே இறங்கிவிட்டது. நாலு கட்டைதான் இப்போது சுகமாக வருகிறது. இது இரண்டு வருஷமாக ரமாவைத் தவிர யாருக்கும் தெரியாது. வகுப்பில் ஸ்ருதிப் பெட்டியை ஐந்தரையில் வைப்பாள். மேலே போக வேண்டிய இடம் வந்தால், "எங்கே, நீ பாடு, நான் கேக்கறேன்" என்று ஏதாவது ஒரு பெண்ணிடம் தள்ளிவிடுவாள். பிள்ளைகள் அதைக் கண்டிப்பு என்று நினைத்தார்கள். தப்பிக்க முடியாமல் பாட நேர்ந்தால் கேம்ப் ரோடு தூசியின் மேல் பழி போடுவாள். அந்த ரோடு செய்கிற அட்டூழியம் போதாது என்று இதையும் சேர்த்துச் சுமந்தது.

சினேகா ஊரப்பாக்கம் ஏசுபாதம்-பேபி தம்பதியின் பெண். ரமாவின் பிள்ளை ஷ்யாம்சுந்தரும் அவளும் ஒரே ஆபீஸ், ஒரே லிஃப்ட், காதல். இரு வீட்டுச் சண்டைகளும் ஓய்ந்து, வரவேற்புச் சாப்பாட்டில் சாம்பார் யார் பொறுப்பு என்பது மட்டும் பாக்கி இருந்தது. சினேகா பொத்தேரியில் ஒரு பேண்டில் பேஸ் கிடார் வாசிப்பவள். வரவேற்பன்று மாமியார் பாட, மணப்பெண்ணே பேஸ் வாசிக்கட்டும் என்று யோசனை சொன்னவர் ரமாவின் கணவர் பட்டாபிராமன். சொன்னதோடு விட்டாரா? காலனி முழுக்கத் தமுக்கடித்தார். இரண்டு தெரு தள்ளிப் பாட்டு சொல்லிக்கொடுக்கும் சுப்ரஜாவிடம் போய், "முதல் வரிசையில உக்காரணும்" என்று வேறு அழைத்துவிட்டு வந்தார். சுப்ரஜா தனக்கு ஆறு கட்டை என்று சொல்லிக்கொள்பவள். ரமா முதல் ஷட்ஜத்தைப் பிடித்தாலே எத்தனை கட்டை என்று கண்டுபிடித்துவிடும் காது அவளுக்கு.

கம்பி விஷயத்துக்கு வருவோம். அடிநாதம் கொடுக்கிற பேஸ் கிடாரில் நாலு கம்பி. கடையில் கிடைக்கிற செட்டை மாட்டி ஊர் உலகமெல்லாம் ஒரே மாதிரி ட்யூன் செய்துகொள்ளும். சினேகாவுக்கு அது போதாது. தம்பூரா மாதிரி அவள் கம்பிகள் பஞ்சமம், ஷட்ஜம், மறுபடி பஞ்சமம், ஷட்ஜம் என்று நிற்க வேண்டும், அதுவும் மாமியாரின் ஸ்ருதியிலேயே நிற்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அப்படியானால் ஒவ்வொரு கம்பியையும் தடிமன் பார்த்துத் தனித்தனியாக வாங்க வேண்டும். அந்தத் தடிமனைத்தான் கேஜ் என்கிறார்கள், எண் கூடக் கூடக் கம்பி தடியாகும். மெலிசான கம்பியைக் கீழே இறக்கினால் தொளதொளவென்று ஆடும். தடிக் கம்பியை மேலே ஏற்றினால் விரல் கிழியும், கிடாரின் கழுத்து வளையும். அரைக் கட்டை முன்னே பின்னே என்றால் சமாளிக்கலாம், ஒன்றரைக் கட்டை வித்தியாசம் என்றால் வாங்கிய கம்பியைக் கொடியில் துணி காயப்போடத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ரமா சொன்ன பொய் சரியாக ஒன்றரைக் கட்டை.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போனில் ஸ்ருதி வைத்து, ஐந்தரையில் ஒருமுறை பாடிப் பார்த்தாள். மேல் பஞ்சமத்துக்கு எட்டியபோது குக்கர் வெயிட் தூக்குவதற்கு முன் வருமே, அந்தச் சத்தம் வந்தது. வெளியே வந்து, 'அஞ்சே இருக்கட்டும்மா. கல்யாண அலைச்சல்ல தொண்டை எப்படி இருக்குமோ' என்று அனுப்பினாள்.

உடனே பதில். 'ஓகே ஆன்ட்டி. அப்போ கீழ் பஞ்சமத்துக்கு நூத்திப் பத்து கேஜ் வேணாம், நூத்திப் பதினஞ்சு போடறேன்.' கூடவே ஒரு நெருப்புப் படம்.

ரமா அந்த நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன்னா, இப்படி நெருப்புப் படம் போட்டா என்ன அர்த்தம்?"

பட்டாபிராமன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "கோவம்" என்றார், ஏதோ அவரே வரைந்து அனுப்பியது போல.

மறுநாள் ஐந்தும் தாங்காது என்று தெரிந்து, கூசிக் குறுகி 'நாலரை' என்று அனுப்பினாள். 'நூத்தி இருபது' என்று பதில் வந்தது. இந்தத் தடவை நெருப்பு இரண்டு. மருமகளாக வருவதற்கு முன்பே இவ்வளவு எரிச்சலா என்று ரமாவுக்கு அன்று தயிர் சாதம்கூட இறங்கவில்லை.

சனிக்கிழமை சினேகாவே ஸ்கூட்டரில் வந்து நின்றாள். பொத்தேரியில் ஒத்திகை. ஜிஎஸ்டி ரோடு முழுக்க ரமா அவள் முதுகுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு போனாள். பாதி போக்குவரத்துக்குப் பயந்து, பாதி நாலு கட்டைக்குப் பயந்து.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தது. கிடார் வாசிக்கும் ஜோனத்தானும் டிரம்ஸ் வாசிக்கும் ஜெர்சனும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். சினேகா பழைய கம்பிகளையே நாலரைக்கு இறக்கி வைத்திருந்தாள். ஒரு தட்டுத் தட்டினாள். கடைசிக் கம்பி தொங்கிக்கொண்டு கடகடத்தது.

"பாத்தீங்களா ஆன்ட்டி, இதுக்கு இந்த கேஜ் பத்தாது. இன்னிக்கு ஆர்டர் போட்டாத்தான் கல்யாணத்துக்கு முன்னாடி வரும். நாலரை ஃபைனல்தானே?"

போனில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ரமா கணக்குப் போட்டாள். ஆமாம் என்றால் மானம் தப்பும், ஆனால் மேடையில் மேல் பஞ்சமத்தில் குக்கர் சத்தம் கேட்கும். இல்லை என்றால் பாட்டு தப்பும், ஆனால் முப்பது வருஷமாகக் காப்பாற்றிய பேர் முட்டை அட்டைக்கு நடுவில் போய்விடும்.

"நாலுன்னு போட்டுக்கோ" என்றாள். பிறகு வாய் நிற்கவில்லை. "ரெண்டு வருஷமாவே நாலுதான்மா. அஞ்சரைன்னு சொன்னது பொய், அஞ்சுன்னு சொன்னது பொய், நாலரையும் பொய். ஒவ்வொரு அரைக் கட்டையா இறக்கி உன்னை அலைய விட்டுட்டேன். அதுக்காக நெருப்பெல்லாம் அனுப்பாதேம்மா, மனசு கஷ்டமா இருக்கு."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜோனத்தான் கிடாரைக் கீழே வைத்தான்.

"இன்னா ஆன்ட்டி சொல்றீங்கோ, நாலா? மச்சான் ஜெர்சன், கேட்டியா? ஆன்ட்டி நாலுக்கு எறங்கிகினு கீறாங்க."

ஜெர்சன் பதிலுக்கு டிரம்ஸில் உருட்டினான். சினேகா ரமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, நெருப்புன்னா சூப்பர்னு அர்த்தம். நீங்க ஒவ்வொரு தடவை இறங்கறப்பவும் எனக்குக் கம்பி தடியாவுது, கம்பி தடியானாத்தான் சத்தம் நெஞ்சுல வந்து இடிக்கும். எனக்கு இங்க சந்தோஷத்துல தலைகால் புரியல, நீங்க கோவம்னு நினைச்சீங்களா?"

"நாங்களும் ரெண்டு வருஷமா ட்யூனை எறக்கினேதான் கீறோம் ஆன்ட்டி" என்றான் ஜோனத்தான். "தாம்பரத்துல இன்னொரு பேண்டு கீது. அவனுங்க நம்மளவிட அரை கீழ. அது ஒண்ணுதான் எங்களுக்கு பேஜார்."

"மேல யாரு வேணா கத்தலாம் ஆன்ட்டி" என்றாள் சினேகா. "எங்கம்மா சர்ச் கொயர்ல ஆல்ட்டோ. அங்க கீழ பாடற லேடீஸ் கிடைக்காம ஆள் தேடறாங்க."

ரமாவுக்கு முதலில் கண் கலங்கியது, அடுத்து சிரிப்பு வந்தது. கோயில் பிரகாரத்திலும் கேம்ப் ரோட்டிலும் இரண்டு வருஷமாகப் பொத்திப் பொத்தி ஒளித்து வைத்ததை, இந்தப் பிள்ளைகள் தங்கப் பதக்கம் மாதிரி தூக்கிப் பார்க்கிறார்கள். நாலு கட்டையில் பாடினாள். தானே மெட்டுப் போட்ட மோகன ராகப் பாட்டு, வழுக்கிக்கொண்டு வந்தது. மேல் பஞ்சமம் சண்டை போடாமல் வந்து நின்றது. முடித்த கையோடு ஜோனத்தான் கேட்டான். "இன்னும் அரை எறக்கிப் பாக்கலாமா?"

"மூணரைன்னு ஒண்ணு கிடையாது. நாலுக்குக் கீழ மூணுதான்" என்றாள் ரமா, டீச்சர் குரலில். சொன்னவள் நிற்கவில்லை. "வை, மூணையே பாத்துடலாம்."

மூன்று கட்டையில் கீழ் பஞ்சமத்தைத் தொட்டபோது அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். அகலமாக, ஆற அமர, வயிற்றிலிருந்து வந்தது. உள்ளங்காலில் கூச்சம் எடுத்தது. பாதியில் நிறுத்திச் சிரித்தாள், மறுபடி பாடினாள், மறுபடி சிரித்தாள். சினேகா போனில் நூத்தி இருபத்தஞ்சை அழித்து நூத்தி முப்பது போட்டாள். அவ்வளவு தடிக் கம்பி கிடாரின் தலைப்பக்கம் அதற்கென்று இருக்கும் பள்ளத்தில் உட்காராதே என்றான் ஜெர்சன். அரம் வைத்துத் தேய்த்துப் பள்ளத்தை அகலமாக்கிவிடலாம் என்றான் ஜோனத்தான். ரமா போனை எட்டிப் பார்த்தாள்.

"நூத்தி முப்பதுக்கு மேல இல்லையா?"

"இருக்கு ஆன்ட்டி. அதுக்கு நீங்க ஆம்பளைக் குரல்ல பாடணும்."

ரமா ஒரு நிமிஷம் அதையும் யோசித்தாள்.

வரவேற்பன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. சாம்பார் பேபி தரப்புப் பொறுப்பு என்று முடிவாகியிருந்தது, நன்றாகவே இருந்தது. பட்டுப்புடவையின் மேல் கிடாரின் பெல்ட் நழுவாமல் இருக்க, பேபி மகளுக்கு ஊக்கு மேல் ஊக்காகக் குத்திக்கொண்டிருந்தாள். முதல் வரிசையில் சுப்ரஜா, கண்ணைப் பாதி மூடிக் காதை முழுதாகத் திறந்து உட்கார்ந்திருந்தாள். ரமாவின் மாணவி நித்யஸ்ரீ ஸ்ருதிப் பெட்டியை வழக்கம் போல ஐந்தரையில் வைத்தாள்.

"மூணு வைம்மா" என்றாள் ரமா.

மைக் ஆனில் இருந்தது. சாப்பாட்டுக் கூடம் வரை கேட்டது. நித்யஸ்ரீ காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து விழித்தாள். கீழேயிருந்து பட்டாபிராமன் பதறிப்போய், "ரமா, அஞ்சரை, அஞ்சரை" என்று கையைக் காட்டினார்.

"அஞ்சரை இல்லை. மூணு கட்டை" என்றாள் ரமா, மைக்கை நன்றாகப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு.

சினேகா நூத்தி முப்பதைத் தட்டினாள். மேடைப் பலகை அதிர்ந்தது. மொய்க் கவர் கொடுக்க வரிசையில் நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். அந்த நாலு கம்பிகளின் மேல் ரமாவின் குரல் காலை நீட்டி உட்கார்ந்து பாடியது. முப்பது வருஷத்தில் அவள் இவ்வளவு சந்தோஷமாகப் பாடியதில்லை. பயமே இல்லாமல் மேடையில் பாடியது இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. கைதட்டலில் ஜோனத்தானின் விசில் தனியாகக் கேட்டது.

ஐஸ்கிரீம் கவுன்ட்டர் பக்கம் சுப்ரஜா அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. இதோ ஆரம்பிக்கப் போகிறாள் என்று ரமா நினைத்தாள்.

"ரமா, உன்கிட்ட மட்டும் சொல்றேன். வெளியில சொல்லிடாதே." சுப்ரஜா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு ஆறெல்லாம் இல்லடி. ரொம்ப நாளாவே அஞ்சுதான்."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க ரமா எத்தனை வருஷம் தவம் கிடந்திருப்பாள். போன மாசம் கேட்டிருந்தால் பாயசம் வைத்திருப்பாள். இப்போது அவளுக்கு நிஜமாகவே மனசு இளகிவிட்டது. ஐஸ்கிரீம் கப்பைக் கீழே வைத்துவிட்டு, சுப்ரஜாவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள்.

"அஞ்சா? பாவம், இன்னும் அவ்வளவு மேலயா நிக்கறே? கவலைப்படாதே, மெதுவா இறக்கிடலாம். உனக்கு என்ன கேஜ் சரியா வரும்னு என் மாட்டுப்பொண்ணைக் கேட்டுச் சொல்றேன்."