கேக் அடுப்பில் வெந்தது

வெண்ணெய் வாங்கிக்கொண்டு கடைத்தெருவிலிருந்து திரும்பிய கிருத்திகாவுக்கு வாசலிலேயே ஏதோ சரியில்லை என்று பட்டது. ஏலக்காயும் வெனிலாவும் ஊறிக் கிடக்கும் சமையலறையிலிருந்து தார் உருகும் நாற்றம் வந்தது. மேடைமேல் அவளுடைய ஓவன் எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், கேக் வேகவேண்டிய இடத்தில், காரின் ஹெட்லைட் ஒன்று மரப்பலகையில் படுத்தபடி அவளைப் பார்த்தது. எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான் ஹர்ஷவர்தன். அவளைக் கட்டிய இந்த ஆறு வருஷத்தில் அந்த ஓவனுக்கு முன்னால் அவன் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"கொஞ்ச நேரந்தான். ஓரத்துல இருக்குற பசை எளகணும், அவ்ளோதான்" என்றான், திரும்பாமலே.

போன வாரமே கேட்டிருந்தான். அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற வண்டிகள் எதிரே வெள்ளையாக அடிக்கும்போது தன் காரின் மஞ்சள் வெளிச்சம் அழுது வடிகிறது என்று குறைப்பட்டான். ஹெட்லைட்டைப் பிரித்து உள்ளே வெள்ளையாக எரியும் விளக்கு வளையம் வைக்க வேண்டுமாம். பட்டறைக்காரனிடம் கொடுக்க மனம் வரவில்லை. யாரோ ஒருவன் வீட்டு அடுப்பில் சூடாக்கிப் பிரிப்பதை செல்போனில் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தான். சாப்பிடும் பொருள் வேகிற இடம், முடியாது என்றாள். சரியென்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டலுக்கு, நீ வெளியே போகும்வரை பொறுத்திருக்கிறேன் என்று பொருள் இருந்தது இப்போதுதான் புரிந்தது.

அந்த வீட்டில் அவள் வரும்போதே எல்லாம் இருந்தன. பாத்திரங்கள், பழக்கங்கள், பீரோவின் எந்தத் தட்டு யாருக்கு என்பதுகூட. அவளுக்குப் பிறகு வந்தது ஓவன் மட்டும்தான். முட்டை இல்லை, தேன் இல்லை, வடிகட்டாத தண்ணீர் ஒரு சொட்டு இல்லை என்பதால் செஞ்சியிலும் மேல்சித்தாமூரிலும் இருந்த ஜைன வீடுகளில் அவள் கேக்குக்கு ஒரு பெயர் வந்திருந்தது. பொழுது சாய்ந்தால் வாயில் எதையும் வைக்காதவர்கள். பிறந்தநாள் என்றாலும் வெயில் இருக்கும்போதே கேக்கை வெட்டிவிடுவார்கள். அன்று விருஷபதாஸ் வீட்டுப் பேத்திக்கு முதல் பிறந்தநாள். கொண்டுபோய்க் கொடுக்கும்போது 'கேக் கிருத்திகா வந்துட்டா' என்று உள்ளே குரல் கேட்கும். இன்னார் மருமகள், இன்னார் மனைவி என்று இல்லாத அந்தப் பெயரைக் கேட்கத்தான், கொடுத்துவிட்டும் ஒரு நிமிஷம் வாசலில் நிற்பாள்.

அவளுடைய கையுறையை மாட்டிக்கொண்டு ஹெட்லைட்டை வெளியே எடுத்தான். விளிம்பில் திருப்புளியை நுழைத்து நெம்பினான். பசை பலாப்பிசின்போல, ஆனால் கறுப்பாக, இழுத்துக்கொண்டே முன்கண்ணாடி பிரிந்து வந்தது. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அப்புறம்தான் இருவரும் பார்த்தார்கள்.

மழைக்காலம் முழுக்கக் கார் புங்கமரத்தடியில் கிடந்திருந்தது. விளக்கின் பின்மூலையில் எறும்புகள் குடியேறியிருந்தன. ரவையைக் கொட்டியதுபோல வெள்ளை வெள்ளையாய் முட்டைகள், அவற்றின்மேல் சுருண்ட எறும்புகள். விளிம்பில் இருந்த ஒன்று இன்னும் காலை அசைத்தது.

"பின்மூடியக் கழட்டும்போதே எறும்பப் பாத்தீங்களா?"

"ரெண்டு மூணு ஓடுச்சு. போயிடும்னு நெனச்சேன்." தொட்டியில் தட்டிக் குழாயைத் திறந்துவிட்டான். பிறகு குரலைத் தணித்தான். "அம்மாகிட்ட சொல்லாத. எனக்கு ஒண்ணுமில்ல. உன் ஓவனத்தான் வெளிய போடச் சொல்வாங்க."

மிரட்டலை அக்கறையாக மடித்துக் கொடுக்க அவனால் முடியும் என்பது அவளுக்குப் புதிது அல்ல. ஓவனைச் சோடா உப்புப் போட்டுத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். நாற்றம் போனது. மாவைக் கலந்து தட்டில் ஊற்றியும் விட்டாள். உள்ளே வைக்கத்தான் கை எழவில்லை. ஒரு வயதுக் குழந்தையின் வாயில் போகிற கேக். யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதுதான் அவளை உறுத்தியது.

கூடத்தில் ஜபமாலையை உருட்டிக்கொண்டிருந்த மாமியார் லீலாவதி, கேக் இன்னும் ஆகவில்லையா என்று கேட்டார். கரெண்ட் சரியில்லை என்று ஹர்ஷவர்தன் முந்திக்கொண்டான். பொய் அவ்வளவு சுலபமாக வந்து விழுந்ததைக் கேட்டதும் கிருத்திகா நடந்ததைச் சொல்லிவிட்டாள். தர்மத்துக்காகச் சொன்னாள் என்று பிற்பாடு அவளால் தன்னையே ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை. கோபத்தில் சொன்னாள். ஒரு தடவையாவது அவன் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னாள்.

லீலாவதி கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தார். மாலை நெற்றிக்குப் போய் மடிக்கு வந்தது. மகனைப் பார்க்கவில்லை.

"அவன் இன்னா தெரிஞ்சா செஞ்சான்? ஆனா அந்த அடுப்பு இனிமே நம்ம வீட்டுக்கு ஆவாதும்மா. அத்தன உசுரு வெந்த எடம்." கொஞ்சம் யோசித்தார். "தூக்கிப் போடுவானேன். கார் ஷெட்டுல வச்சுடு. அவனுக்காவது ஒதவும்."

விருஷபதாஸ் வீட்டுக்கு அவரே போன் செய்தார். மருமகளுக்கு உடம்புக்கு முடியவில்லை, இனிமேல் கேக் வேலை செய்வதாக இல்லை என்றார். வேறு ஓவன் என்ற பேச்சைக் கிருத்திகா எடுத்தபோது, ஒரு தடவை பட்டது போதாதா என்று கேட்டார். பாவம், அதைச் செய்தவன் வாசலில் போய் நிற்கும் என்று நம்பியது எத்தனை பெரிய பிசகு! அந்த வீட்டில் தோஷம் பாத்திரத்துக்குத்தான் ஒட்டும், பிள்ளைக்கு ஒட்டாது. அது தெரிந்திருந்ததால்தான் ஹர்ஷவர்தன் பயப்படவே இல்லை.

அடுத்த வாரம் ஒருநாள், இருட்டுமுன் சாப்பாடு முடிந்து அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, வாசலுக்குக் கூப்பிட்டான். இரண்டு ஹெட்லைட்டும் மாட்டியாகிவிட்டது. பக்கத்துத் தெரு ஆதவன் தன் பைக்கை நிறுத்திவிட்டுக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். தன்னுடையதையும் பிரித்துத் தரவேண்டுமாம்.

"கேக் நின்னா இன்னா அண்ணி, இனிமே அண்ணன் ஹெட்லைட்டு சுட்டுக் குடுப்பாரு. அதுலயும் முட்ட கெடையாது" என்று சிரித்தான். அவனுக்கு எதுவும் தெரியாது. ஹர்ஷவர்தனும் சிரித்தான்.

ராஜகிரிக் கோட்டைமலைக்குப் பின்னால் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. ஷெட்டின் மூலையில் ஓவன் கதவு திறந்து கிடந்தது, உள்தட்டில் கறுப்புப் பிசின் சொட்டியிருந்தது. வளையம் இரண்டும் ஒரே அளவில் தெரிகிறதா என்று முன்னால் நின்று பார்த்துச் சொல்லச் சொன்னான். சாவியைத் திருப்பினான். பால்வெள்ளையாய் இரண்டு வட்டங்கள் எரிந்தன. அவள் குனிந்தாள்.

இடதுபக்க வளையத்தின்மேல் ஓர் எறும்பு நடந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே என்று நினைத்து விரலால் தள்ளப் பார்த்தாள். உள்ளே இருந்தது. ஒட்டும்போது எப்படியோ புகுந்துவிட்டது. சுற்றிலும் புதுப்பசை, ஒரு நூல்கூட நுழையாதபடி. அதை வெளியே விட வேண்டுமென்றால் பிரிக்க வேண்டும். பிரிக்க வேண்டுமென்றால் சூடாக்க வேண்டும்.

"ஒரே மாதிரி இருக்குதா?" என்றான் காருக்குள் இருந்து.

அவள் விரலை எடுக்கவில்லை. எறும்பு விரலுக்கு நேரே வந்து நின்றது. மீசையால் கண்ணாடியைத் தடவிப் பார்த்தது. பிறகு திரும்பி, வெள்ளை வட்டத்தின்மேல் வந்த வழியே நடக்கத் தொடங்கியது.