மாப்பிள்ளை பாய்ந்த பந்து

1

இந்தக் கதை பிறந்ததற்கு இலக்கிய தாகமே காரணம் என்று சொல்ல ஆசைதான். உண்மை வேறு. இன்று நண்பகலுக்குள் நான் ஒரு தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். சொல்ல மனமில்லை, அதனால் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊர்க் கூழைக்கடா அணியின் பேஸ்பால் ஆட்டங்களுக்கு நான்தான் கணக்கர். அடித்தவன் ஓடித் தப்பினால், அது அவன் திறமையா, தடுக்க நின்றவனின் பிழையா என்று சொல்வது என் வேலை. மேலே கூண்டில் வாழைக்காய் மசியலும் பொரித்த சலாமி இறைச்சியும் தின்றபடி, கீழே வெயிலில் வேகிறவனைப் பார்த்து 'பிழை' என்பேன். இலக்கிய விமர்சகர்களுக்கும் இதே வசதி உண்டு. சொன்ன தீர்ப்பை மறுநாள் நண்பகல்வரை மாற்றலாம் என்பது மட்டும் எனக்கு உபரி.

2

தொடக்கம் ஒன்று: 'கரும்பாலைக்குப் பின்னால், பால் அட்டை டப்பாவைப் பந்து பிடிக்கும் கையுறையாக்கி விளையாடிய அந்த ஏழைச் சிறுவன்…'

வேண்டாம். பேஸ்பாலே உயிரான இந்தத் தீவில் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் இதே பால் டப்பாதான். ரடாமெஸ் பெகேரோவின் அப்பா பல் வைத்தியர். பையனின் கையுறை மயாமியிலிருந்து வந்தது.

தொடக்கம் இரண்டு: 'காற்றினும் கடிதாய்ப் பாயும் அவன் கால்கள்…'

அட, சும்மா இருங்கள். அவன் நின்றதைப் பற்றிய கதை இது.

ரடாமெஸ் எங்கள் ஷார்ட்ஸ்டாப். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நிற்பவன். கூட்டுக் குடும்பத்துக் கடைசி மருமகள் மாதிரி, எல்லா வேலையும் அவன் தலையில்தான் விழும். ஆனால் விதிப்புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது: சாதாரண முயற்சியில் பிடித்திருக்கக்கூடிய பந்தைத் தவறவிட்டால்தான் பிழை. எட்டாத பந்துக்குப் பிழை கிடையாது. எட்டுமா எட்டாதா என்பது எப்படித் தெரியும்? போனால்தானே தெரியும். ரடாமெஸ் போகமாட்டான். நேரே வரும் பந்தை அழகாக எடுப்பான். நாலடி தள்ளிப் போகும் பந்தை, ஊருக்குப் போகிற உறவினரை வழியனுப்புவதுபோல் பார்த்துக்கொண்டு நிற்பான்.

இப்படியே பல வருடங்கள். லீகிலேயே மிகக் குறைந்த பிழைகள் அவனுக்குத்தான். இந்தப் பருவத்தில் ஒன்றுகூட இல்லை.

அணியின் துணி வெளுக்கும் நெரெய்தா அக்கா, "இவன் பேன்ட்டுக்கு சோப்பே செலவில்ல. மாப்பிள்ளை மாதிரி போறான், மாப்பிள்ளை மாதிரி வர்றான்" என்றாள். அன்றிலிருந்து ஊருக்கே அவன் மாப்பிள்ளைதான்.

3

(இது கட்டுரை. அவசரமுள்ளவர்கள் தாண்டிப் போகலாம்.)

எங்கள் நகராட்சித் தலைவர் கட்டிய பாலம் எதுவும் இடிந்ததில்லை. கட்டியிருந்தால் அல்லவா இடிய! எங்கள் ஊர்க் கவிஞர் ஒருவர் மோசமான நூல் எதையும் வெளியிட்டதில்லை. எந்த நூலையுமே வெளியிட்டதில்லை. இருவருக்கும் ஆண்டுதோறும் பொன்னாடை உண்டு.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? என் மேசையில் பாதிக் கதைகள் நிறைய. முடிவு சொதப்பல் என்று இதுவரை ஒருவரும் என்னைக் குறை சொன்னதில்லை.

4

நேற்று பருவத்தின் கடைசி ஆட்டம். பந்து ரடாமெஸுக்கு வலப்புறம், வழக்கம்போல் எட்டாத தூரத்தில், தரையை உரசிக்கொண்டு போனது. நான் பேனாவைக்கூடத் தூக்கவில்லை. அவன் பாய்ந்தான்.

ஏன் பாய்ந்தான்? ஆசிரியன் என்ற முறையில் ஒரு காரணம் தர வேண்டியது என் கடமை. ஆட்டத்தின் மேல் காதல்? இத்தனை வருடம் எங்கே போயிருந்தது அது? கூட்டத்தில் ஒரு பெண்? சீ. மளிகைக்கடை வாசலில் டாமினோ ஆடுகிறவர்கள் மாப்பிள்ளை வழுக்கி விழுந்துவிட்டார் என்றார்கள். ரம் குடித்தபடி அவர்கள் சிரித்த சிரிப்பு தெருக்கோடிவரை கேட்டது.

எனக்குக் காரணம் தெரியாது. பந்து அவன் கையுறைக்குள் போனது, வெளியே உருண்டது. அது மட்டும் தெரியும். பழக்கதோஷம், 'அடித்தவன் திறமை' என்று பலகையில் போடச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையின் சாதனை பிழைத்தது. அணியின் முதலாளி எவாரிஸ்தோ எழுந்து நின்று கைதட்டினார். மைதானச் சுவரில் 'பிழையற்றவன்' என்ற எழுத்துகளோடு ரடாமெஸின் படம் வரைய ஏற்கெனவே ஆள் பிடித்து வைத்திருக்கிறார்.

5

இன்று காலை ரடாமெஸ் வீட்டுக்கு வந்தான். நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்துக் காபி போட்டேன்.

"வாத்தியாரே, அதைப் பிழைன்னு மாத்துங்க."

இத்தனை வருடத்தில் எத்தனையோ ஆட்டக்காரர்கள் வந்து, கெஞ்சி, கத்தி, மாமியாரை அனுப்பிப் பிழையை அழிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தனக்கொரு பிழை கேட்டு வந்தவனை நான் பார்த்ததில்லை. சுவர் என்ன ஆகும், முதலாளி அடுத்த பருவம் அவனை வைத்துக்கொள்வாரா என்று கேட்டேன். அதெல்லாம் யோசித்தாயிற்று என்றான்.

விதியை விளக்கினேன். பாய்ந்து விழுந்து தொட்டது சாதாரண முயற்சி ஆகாது, அதற்குப் பிழை போட முடியாது என்றேன்.

அவன் காபியைக் கீழே வைத்தான்.

"மத்த ஷார்ட்ஸ்டாப் எல்லாம் தினமும் அப்படித்தான் விழறான். அது சாதாரணம்தான், வாத்தியாரே. எனக்குத்தான் புதுசு."

நான் ஆட்டத்தாளை எடுத்து மேசைமேல் விரித்தேன்.

"நீங்க அதை அடிச்சவன் திறமைன்னு எழுதினா, நான் அங்க போகவே இல்லைன்னு அர்த்தம். கடை வாசல்ல வழுக்கிட்டேன்னு சிரிக்கிறாங்க. நான் போனேன். பந்து என் கைக்குள்ள இருந்துச்சு."

அழுகிற ஆள் இல்லை அவன். ஆனாலும் கண் கலங்கியிருந்தது. போகும்போது நெரெய்தா அக்காவைப் பற்றிச் சொன்னான். அந்தப் பேன்ட்டை வெளுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டானாம். அவள் அதைச் செம்மண்ணோடு கொடியில் தொங்கவிட்டிருக்கிறாளாம்.

6

முடிவு அ: பிழை என்று மாற்றுகிறேன். சுவர் வெள்ளையாகவே இருக்கிறது. முதலாளி அவனை வீட்டுக்கு அனுப்புகிறார், அப்புறம் என்னை. விதிப்படி நான் செய்தது சரிதானா என்று எனக்கே…

முடிவு ஆ: மாற்றவில்லை. ரடாமெஸ் தன் படத்துக்குக் கீழே, வெள்ளை வெளேரென்ற பேன்ட்டில்…

இரண்டையும் முடிக்க முடியவில்லை.

வாசலில் முதலாளியின் வண்டி ஹாரன் அடிக்கிறது. பின்னால் ஏணியும் பெயின்ட் வாளியுமாக ஓவியர். 'மாத்தலையே, வாத்தியாரே?' என்று கேட்கத்தான் முதலாளி வந்திருக்கிறார். கடிகாரத்தின் இரண்டு முள்ளும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. ஆட்டத்தாள் மேசைமேல் இருக்கிறது. பேனாவை அதன்மேல் திறந்து வைத்துவிட்டு, கதவைத் திறக்கப் போகிறேன்.

வாசகரே, பந்து இப்போது உங்களுக்கு வலப்புறம், நாலடி தள்ளிப் போகிறது. பாய்ந்தால் கைநழுவலாம், சட்டை அழுக்காகலாம், முடிவு சொதப்பல் என்று நாலு பேர் சிரிக்கலாம். நின்ற இடத்திலேயே நில்லுங்கள், உங்கள் பெயரில் பிழை எதுவும் விழாது. அதற்கு நான் பொறுப்பு.