கப்பலிடம் மன்னிப்பு

மேலே ஆகாயம், கீழே பூமி, நடுவில் என் பொக்கை வாய். மூன்றும் சாட்சி. இனி சொல்லப்போவதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கும் இரண்டு கடைவாய்ப் பற்களும் உதிர்ந்துவிடட்டும்.

எட்டுப் பேர் சேர்ந்து தூக்கியும் பெட்டி வாசற்படியைத் தாண்டவில்லை.

"இறக்கு, இறக்கு! அடேய், என் கைமேல இறக்காத!" என்று தச்சர் கத்தினார்.

மகள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா ஒல்லி. காற்றடிக்கிற நாளில் சட்டை முதலில் வீட்டுக்கு வரும், ஆள் பின்னால் வருவார் என்று அம்மாவே சொல்வாள். அப்படிப்பட்ட மனிதர் படுத்திருக்கும் பெட்டியா எட்டுப் பேரின் முதுகை முறிக்கிறது?

"என்னம்மா, இவ்ளோ கனம்?"

"செத்தா கனம் கூடும்டி."

"யாரு சொன்னா?"

"எல்லாம் அனுபவந்தான்."

அம்மா அதுவரை செத்துப் பார்த்ததில்லை. மகள் அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

அவர்கள் இருந்தது ஒரு பெரிய ஏரியின் நடுவே இருக்கும் தீவு. முழுத் தீவும் பாதுகாக்கப்பட்ட பூங்கா. மணல்மேடுகள், கரைப்பறவைகள் முட்டையிடும் கூழாங்கல் திட்டு, ஒரு கலங்கரை விளக்கம், கரையோரம் பாதி புதைந்து கிடக்கும் பழைய கப்பலின் எலும்புக்கூடு. எல்லாவற்றையும் பார்க்கலாம். எதையும் எடுக்கக் கூடாது, சுள்ளியைக்கூட. எதையும் விட்டுவிட்டுப் போகவும் கூடாது. பிணத்துக்கும் அதே சட்டம். அதனால்தான் அப்பாவை அக்கரைக்குக் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டியிருந்தது.

அந்தச் சட்டத்துக்குக் காவலாகப் படகுத்துறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் அப்பாதான். கரைக்குத் திரும்புகிற ஒவ்வொருவரும் அவர்முன் சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்ட வேண்டும். செருப்பைக் கழற்றித் தட்ட வேண்டும். "உதறு" என்பார். எல்லாம் சரியென்றால் "போகலாம்" என்பார். இந்த இரண்டு சொல்லுக்கு மேல் பேசினால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்பதுபோல் வாயை மூடிக்கொள்வார். நாளடைவில் உதறு என்பதே அவருக்குப் பெயராகிவிட்டது. தீவின் நீர்க்காகங்கள்கூட அவர் நாற்காலிக்கு எதிரே இறங்கி, இரண்டு இறக்கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் அக்கரைக்குப் பறக்கும். ஈரம் காய்வதற்காக அப்படி விரிக்கின்றன என்று படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் உதறுவைப் பார்த்ததில்லை.

பெற்ற மகளுக்கும் சலுகை கிடையாது. கல்யாணமாகிக் கிளம்பிய அன்று புதுச் செருப்பை உதற வைத்தார். மாப்பிள்ளையின் கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தார். அதற்கெல்லாம் முன்னால், அவள் சிறுமியாக இருந்தபோது, கப்பலின் பலகையொன்றில் ஆணியால் ஒரு வாத்தைக் கீறிவிட்டாள். உடம்பைவிடத் தலை பெரிதாகிப்போன வாத்து.

"கப்பல்கிட்ட மன்னிப்பு கேளு" என்றார்.

"கப்பலுக்குக் காது எங்கப்பா இருக்கு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "முன்பக்கம்."

அவள் முன்பக்கம் போய் நின்று கேட்டாள். அன்றைய வெயில் இன்னும் அவள் உச்சந்தலையை விட்டு இறங்கவில்லை.

பெட்டியைத் தூக்கியதற்கு முந்தின நாள் பிற்பகல், நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் அவர் போய்ச் சேர்ந்தார். எதிரே ஒரு பயணி சட்டைப்பைகளை வெளியே இழுத்துவிட்டு நின்றிருக்கிறார். "போகலாம்" வரவில்லை. பயந்துபோய்த் தொப்பியைக் கழற்றினார், பெல்ட்டைக் கழற்றினார், கடைசியில் பல்செட்டையும் கழற்றி நீட்டினார். அதற்கும் பதில் இல்லாததால்தான் விஷயம் தெரிந்தது.

மகள் காலையில் முதல் படகில் வந்து இறங்கினாள். வந்த நேரத்திலிருந்து அவளுக்கு எதுவும் சரியாகப் படவில்லை. அம்மாவும் தச்சரும் வீட்டின் பின்புறம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் "இன்னிக்குக் காத்து ஜாஸ்திதான்" என்றார் தச்சர். ஓர் இலை அசையவில்லை. பெட்டி முழுக்க வெள்ளைப் பெயிண்ட், அதுவும் காயாத பெயிண்ட்.

"சாவுப் பெட்டிக்கு எதுக்கு மாமா பெயிண்ட்?"

"பார்வையா இருக்கட்டும்னுதான் பாப்பா."

"மண்ணுக்குள்ள யாரு பாக்கப் போறா?"

"புழுவுக்கும் கண்ணு இருக்கும்ல" என்று சொல்லிவிட்டுத் தச்சர் பிரஷ் கழுவப் போனார்.

அவள் அவருடைய கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். கலங்கரை விளக்கத்தின் பித்தளை மணியைத் துலக்குவதற்காக அங்கே இறக்கி வைத்திருந்ததாகப் படகோட்டி வரும்போதே சொல்லியிருந்தான். ஒரு கன்றுக்குட்டியின் எடை இருக்கும். அங்கே மணி இல்லை. தரையில் மரத்தூள் மட்டும் கிடந்தது, கறுப்பாக.

மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். காயாத பெயிண்ட், கிசுகிசுப்பு, கன்றுக்குட்டி எடையில் ஒரு மணி. அக்கரையில் பெட்டி தவறி விழுந்து உள்ளேயிருந்து டணார் என்று சத்தம் வந்தால்? ஊரையே உதற வைத்தவர், பிணமாகப் போகும்போது மணியைக் கடத்தினார் என்று சொல்வார்கள். பேரன் பேத்திகளின் காலம்வரை சொல்வார்கள்.

இதில் அம்மாவும் கூட்டா? அம்மாவின் நகக்கண்களைப் பார்த்தாள். அங்கேயும் கறுப்பு.

ஒருவழியாகப் பெட்டி படகுத்துறைக்கு வந்தது. நாற்காலி காலியாக இருந்தது. அப்பாவின் இடத்துக்கு வந்திருந்த புதியவன் அதில் உட்காரத் துணியாமல் பக்கத்தில் நின்றான்.

"போகலாம்க்கா" என்றான் தாழ்ந்த குரலில்.

"ஏத்துங்க" என்றாள் அம்மா, சற்று வேகமாகவே.

"நில்லுங்க" என்றாள் மகள். "பெட்டியத் தெறங்க."

எட்டுப் பேரும் பெட்டியைத் தரையில் போட்டார்கள். அவர்கள் அதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

"உனக்கென்ன பைத்தியமாடி?"

"அப்பா இருந்தா தெறக்கச் சொல்லியிருப்பாரு."

"அப்பாதான்டி உள்ள இருக்காரு!"

"யாரா இருந்தாலும் உதறிட்டுத்தான் போகணும். அவரு வெச்ச சட்டந்தான?"

அம்மா தச்சரைப் பார்த்தாள். தச்சர் ஏரியைப் பார்த்தார். ஏரிக்குப் பார்க்க வேறு யாரும் இல்லை.

திருகாணிகளைக் கழற்றத் தச்சர் எடுத்துக்கொண்ட நேரத்தில் இன்னொரு பெட்டியே செய்துவிடலாம். மூடியை இரண்டு பேர் தூக்கி நிமிர்த்திப் பிடித்தார்கள். உள்ளே அப்பா, தோய்த்த சட்டையோடும் வேலைக்குப் போடும் பூட்ஸோடும் படுத்திருந்தார். மகள் குனிந்து அவருடைய சட்டைப்பையை வெளியே இழுத்தாள். ஒன்றுமில்லை. பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டினாள். ஒரு மணல்கூட விழவில்லை. முதுகுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினாள். மணி இல்லை.

அப்போது பார்த்துக் கலங்கரை விளக்கத்தின் மேலிருந்து மணி அடித்தது. துலக்கி முடித்து, பழைய இடத்தில் மாட்டியிருந்தார்கள். சாவுக்காக யாரோ அடிக்கிறார்கள். அவளுக்கு முகம் சூடாகியது. எழுந்து நின்றாள்.

எழுந்தபோதுதான் மூடியின் உட்புறம் கண்ணில் பட்டது. அந்தப் பக்கம் பெயிண்ட் அடிக்கவில்லை. மரம் கறுத்திருந்தது, நெடுங்காலம் தண்ணீரில் ஊறிய கறுப்பு. இரும்பு ஆணிகள் இருந்த இடங்களில் வட்ட ஓட்டைகள், புது மரமுளை அடித்து மூடப்பட்டிருந்தன. அப்பாவின் முகத்துக்கு நேர் மேலே வரும் இடத்தில், உடம்பைவிடத் தலை பெரிதாகிப்போன ஒரு வாத்து.

மூடிக்கு அந்தப் பக்கம் நின்ற புதியவனுக்கு வெள்ளைப் பெயிண்ட் மட்டுமே தெரிந்தது.

"எல்லாம் சரியாக்கா?"

தச்சர் கையிலிருந்த திருகாணிகளை எண்ணத் தொடங்கினார். அம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் கண்கள் மகளைவிட்டு நகரவில்லை.

மகள் பூட்ஸை மறுபடி அப்பாவின் கால்களில் மாட்டி நாடாவை முடிந்தாள். இரண்டு முடிச்சு போட்டாள்.

"சரி. மூடுங்க" என்றாள்.

படகில் ஏற்றியதும் அது ஒரு சாண் தாழ்ந்தது. படகோட்டி வாயைப் பிளந்தான். "என்னம்மா இது, உங்கப்பா இவ்ளோ கனமா?"

"செத்தா கனம் கூடும்" என்றாள் மகள்.

அம்மா அவள் அருகில் வந்து நின்றாள். வாயை அதிகம் அசைக்காமல் பேசினாள்.

"ஒரு சுள்ளி எடுக்க விடாத மனுஷன். போறப்பவாவது ஒரு கப்பல்ல போகட்டுமேன்னு தச்சர்கிட்ட நாந்தான் சொன்னேன். எந்தப் பலகைன்னு நான் சொல்லல."

"பின்ன?"

"ஒரு பலகைல சாக்பீஸால கோடு கிழிச்சு, ஓரத்துல 'மூடி'ன்னு எழுதியிருந்துச்சாம். உங்கப்பா எழுத்து."

"எப்ப எழுதினாராம்?"

"யாருக்குடி தெரியும்? மழைல அழிஞ்சா திரும்பப் போயி எழுதுவாராம். தச்சர் வருஷக்கணக்கா பாத்திருக்காரு."

எல்லோரும் படகில் ஏறிவிட்டார்கள். அம்மாவையும் ஏற்றிவிட்டு மகள் மட்டும் திரும்பி நடந்தாள். காலியான நாற்காலிக்கு எதிரே வந்து நின்றாள். கைப்பையைத் திறந்து கவிழ்த்துக் காட்டினாள். ஒரு செருப்பைக் கழற்றித் தட்டினாள். பிறகு மற்றதை. கொஞ்சம் மணல் விழுந்தது.

படகோட்டி மெதுவாக ஒருமுறை கூப்பிட்டான். அவள் செருப்புகளைக் கையில் பிடித்தபடி, வெறுங்காலோடு, நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். "போகலாம்" என்று யாரும் சொல்லவில்லை.

அந்தக் கப்பலின் பலகை எங்கே என்று யாராவது கேட்டால் என் பதில் ஒன்றுதான்: அந்த ஏரியில் இன்றுவரை ஒரு கப்பலும் மூழ்கியதில்லை.