மே இருபது என்று போட்ட பாலம்

எல்தியார் நாரின் நகரத்துக்காரன். பலரும் கூடி இணையத்தில் வரையும் வரைபடத்தில் மலைப் பாதைகளையும் பாலங்களையும் சேர்ப்பவன். அதில் ஒவ்வொரு பாலத்துக்கும் ‘நேரில் பார்த்த தேதி’ என்று ஒரு கட்டம் உண்டு. அதிகத் தேதி போட்டவர்கள் பட்டியலில் அவன் பெயர் மூன்றாவதாக இருந்தது. அது அவனுக்குப் போதவில்லை. மே இருபதாம் தேதி, வீட்டில் சோபாவில் சாய்ந்தபடியே நாற்பது பாலங்களுக்கு அன்றைய தேதியைத் தட்டிவிட்டான். முதலிடமும் வந்தான். மானங்கெட்ட முதலிடம்.

அந்த நாற்பதில் ஒன்று கோக்-பெல் கிராமத்து மரப்பாலம். ஜூன் நடுவில் அந்த ஊர்ப் பெரியவர்களின் பஞ்சாயத்து அவனைச் சாட்சிக்கு அழைத்தது.

சங்கதி இதுதான். மே இருபத்திரண்டில் அந்த வழியே போன லாரிக்காரன் கனிபெக், பாலத்தை ஏற்கெனவே ஆறு அடித்துக்கொண்டு போயிருந்தது, பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன் என்று ஊரில் சொன்னான். யாரும் நம்பவில்லை. ஆடு ஓட்டுகிற அத்தனை பேர் கைப்பேசியிலும் அந்த வரைபடம் இருந்தது. இரண்டு நாள் முன்னால்தானே நகரத்துப் பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்? பாரம் மீறி ஏற்றி நீதான் பாலத்தை உடைத்தாய், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாயா என்று கேட்டார்கள். இனி மேய்ச்சல் மலைக்கு அவன் லாரியில் யாரும் சாமான் ஏற்றக்கூடாது என்று பேச்சு. எல்தியார் வந்த அன்றைக்குத் தீர்ப்பு.

எல்தியாரை வாசலுக்கு எதிரே, மூத்த விருந்தாளிக்கான இடத்தில் உட்காரவைத்தார்கள். கிண்ணம் நிறையக் குதிரைப்பால், சுடச்சுடப் பொரித்த போர்சோக் மாவுத் துண்டுகள். இவ்வளவு தூரம் வந்து பார்த்துத் தேதி போடும் பிள்ளைகள் இருப்பதால்தான் எங்கள் ஆடுகள் பிழைக்கின்றன என்று ஒருவர் மெச்சினார். ஒரே ஒரு ‘ஆமாம்’ சொன்னால் போதும், பட்டியலிலும் பெயர், ஊரிலும் பெயர். கதவோரம் கனிபெக் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான்.

பஞ்சாயத்துத் தலைவர் அசனாலி கேட்டார். “தம்பி, நீ பார்த்தப்போ பாலம் எப்படி இருந்துச்சு?”

எல்தியார் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

“நான் பார்க்கலை ஐயா. இந்த ஊருக்கு வர்றதே இதான் முதல் தடவை.”

“தேதி போட்டிருக்கியே?”

“வீட்டுல உக்காந்து போட்டேன். பட்டியல்ல பேரு மேல வரணும்னு.”

கிண்ணத்தை நிரப்ப வந்தவர் கையை நிறுத்திக்கொண்டார். ஒருவரும் திட்டவில்லை. யாராவது திட்டித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. நிலத்தில் ஒரு பொந்து கிடைத்தால் புகுந்திருப்பான்.

அசனாலி தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கதவுப் பக்கம் பார்க்கத் திரும்பியவர், பாதியிலேயே முகத்தைத் தாழ்த்திக்கொண்டார்.

“கனிபெக் என் மகன். மூணு வாரமா அவன் கையால டீ வாங்கிக் குடிக்கலை. இந்த வாயாலயே, ஊர் நடுவுல வச்சு, அவனைப் பொய்யன்னு சொன்னேன். உன்னை நம்பி. நீ எனக்கு யாருப்பா?”



கனிபெக் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அப்பா கூப்பிட்டார். அவன் நிற்கவில்லை.