அவள் சொன்னதாகச் சொன்னது

ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். தொட்டி நிரம்பியதும் நிறுத்தினான். பாக்கெட் பாலில் பாதியைக் காய்ச்சிக் காபி கலந்தான், மீதியை ஃப்ரிட்ஜில் வைத்தான். குளித்தான். நேற்று தேய்த்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டான். ஏழு மாதமாக இப்படித்தான். இன்றைக்குப் பாலிடெக்னிக்கில் லீவு சொல்லியிருந்தான், அவ்வளவுதான் வித்தியாசம்.

சுரேஷ்குமார் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் பைக்கை நிறுத்தியபோது, அடி அண்ணாமலையிலிருந்து ஆட்டோவில் அவர்கள் வந்து காத்திருந்தார்கள். அவன் மனைவி நந்தினியின் அக்கா தேவிப்ரியா, அவள் கணவன் பிரகாஷ், இடுப்பில் குழந்தை. குழந்தை அவனுடையது. அதைப் பெற்ற இரண்டாம் நாள் நந்தினி இறந்துபோனாள். பதினோரு வருடமாகப் பிள்ளையில்லாத தேவிப்ரியாதான் வளர்க்கிறாள். இனி சட்டப்படி தத்து. அதற்குப் பெற்ற தகப்பன் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும்.

“தள்ளி நில்லு சகல,” பிரகாஷ் ஈரச் சட்டையை உதறினான். “கலெக்டர் ஆபீஸ் வாசல்லயே எனக்கு அபிஷேகம் பண்ணிட்டா உன் பொண்ணு.”

“இன்னும் என்னா அவன் பொண்ணு?” என்ற தேவிப்ரியா உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். “தப்பா எடுத்துக்காத தம்பி. நந்தினி வாயால சொல்லிட்டுப் போனதாலதான் நான் கேக்கறேன். இல்லன்னா கேட்டிருப்பேனா? அம்மாகூட அவ போட்டோ முன்னாடி அதையே சொல்லிச் சொல்லித்தான் அழுவுது.”

“தெரியும்,” என்றான்.

குழந்தைப் பாதுகாப்பு அலுவலர் மெஹ்ருன்னிசா மற்ற இருவரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். கொடுப்பவரைத் தனியாகக் கேட்பதுதான் அவர் வழக்கம்.

“யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?”

“இல்லீங்க மேடம்.”

“படிச்சிருக்கீங்க. வேலையிருக்கு. அப்புறம் ஏன்?”

“அவ சொன்னா. கடைசியா. அக்காகிட்ட குடுத்துடுங்கன்னு.”

“வேற யாரு கேட்டாங்க?”

“நான் மட்டும்தான் இருந்தேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “இறந்தவங்க சம்மதம் எனக்கு வேணாம் தம்பி. உங்களோடதுதான் வேணும். உங்களுக்கு இஷ்டமா? மனசு இல்லன்னா இப்பவே சொல்லுங்க, அவங்ககிட்ட நான் பேசிக்கறேன். கலெக்டர் உத்தரவு போட்டுட்டா அப்புறம் திருப்பிக் கேக்க முடியாது.”

அவன் ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்த மதியம் அது. வீடு நிறைய ஜனம். குழந்தை வீறிட்டு அழுதது. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவனுக்குக் கை எழவில்லை. யாராவது அதைத் தூக்கினால் போதுமென்றிருந்தது. “அக்காகிட்ட குடுத்துடச் சொன்னா” என்றான். தேவிப்ரியா ஓடிவந்து அள்ளிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் அது தெரு முழுக்கப் பரவிவிட்டது. பதினாறாம் நாள் மாமியார் மகள் படத்தில் கைவைத்து, உன் சொல்லைக் காப்பாத்திட்டோம்மா என்றாள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் சொல்லலாம் என்றிருந்தான்.

கதவுக்கு வெளியே குழந்தை கெக்கெக்கென்று சிரித்தது. கூடவே தேவிப்ரியாவும்.

“இஷ்டம்தான் மேடம்,” என்றான்.

“காரணத்தை உங்க கையெழுத்துலயே எழுதுங்க.”

என் மனைவியின் கடைசி விருப்பப்படி என்று எழுதினான். அடித்தல் திருத்தல் இல்லை. கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினான். அவர் ஒரு நொடி அவனைப் பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்தார்.

நந்தினி அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையை அவனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். குழந்தை கத்தியது. அவன் அதைக் கண்ணாடிச் சாமான் மாதிரி ஏந்திக்கொண்டு விறைத்து நின்றான். கட்டிலில் படுத்தபடி அவள் சிரித்தாள். பத்து நிமிடத்தில் உதிரப்போக்கு வந்து உள்ளே கொண்டுபோனார்கள். அதன்பின் அவள் பேசவேயில்லை. அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

“கழுத்துக்குக் கீழ கைய குடுங்க... ஆங், அப்படித்தான். பாருங்க, அழுகைய நிறுத்திட்டா. உங்களுக்கு நல்லா வருதுங்க.”