உள்ளூர்க்காரருக்கு ரூம் இல்லை

உரம் விற்றால் கப்பலில் ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், நான் கல்யாணத்துக்கு முன்னாலேயே உரக்கடை போட்டிருப்பேன். 2007-இல்தான் கம்பெனிக்காரனுக்கு அந்த நல்ல புத்தி வந்தது. அந்த வருஷம் அதிகம் விற்ற கடைக்காரர்களை ஜோடி ஜோடியாகக் கொச்சியில் கப்பல் ஏற்றி, கடலில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி இறக்கிவிடப் போவதாக அறிவித்தான். ஆத்தூர் ராயப்பராஜ் என்று என் பேரும் அதில் இருந்தது. நானும் என் மனைவி பிரிஸ்கில்லாவும் வேளாங்கண்ணிக்குப் போகும்போது கடலில் காலை நனைத்ததோடு சரி.

கப்பலில் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் திண்டுக்கல்லில்தான் இருந்தது. கம்பெனி பஸ் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பும். எங்கள் ஊர் முதல் பஸ் அதற்கப்புறம்தான் டவுனுக்குப் போய்ச் சேரும். அதனால் முந்தின ராத்திரியே திண்டுக்கல்லில் தங்க வேண்டும்.

இதற்கெல்லாம் யோசிக்கிற வழக்கமே எனக்குக் கிடையாது. என் அக்கா செபஸ்தியம்மாள் வீடு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. அக்கா ரிட்டயர்டு டீச்சர். மச்சான் பிராங்கிளின் வெங்காய மண்டியில் கணக்குப் பார்க்கிறவர். ஆஸ்பத்திரி, நகைக்கடை, கல்யாண வீடு என்று எதற்கு டவுனுக்குப் போனாலும் ராத்திரி அங்கேதான் படுப்போம். இந்த முறையும் அக்காவுக்கு ஒரு போன் போட்டுவிட்டால் போதும் என்று எழுந்தவனைப் பிரிஸ்கில்லா உட்கார வைத்தாள்.

"கப்பலுக்கு வாரேன். ஆனா மதினி வீட்டுல தங்க மாட்டேன். லாட்ஜுல ரூம் போடுங்க. மரியாதையான ரூமா இருக்கணும், கட்டில் இருக்கணும், சாவி என் கையில இருக்கணும். இல்லேன்னா நீங்க மட்டும் போய்ட்டு வாங்க."

நான் மட்டும் போவதற்கு எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் ஜோடி இல்லாமல் வருகிறவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து ஒரே அறையில் போடுவார்களாம். ஜோடி இல்லாத இன்னொருவர் ஒட்டன்சத்திரம் டீலர் பொம்மையன். அவருடைய குறட்டையை மதுரை மீட்டிங்கில் ஒரு ராத்திரி முழுக்க நான் கேட்டிருக்கிறேன். நடுக்கடலில் அதற்குத் தப்பி எங்கே ஓடுவது?

பிரிஸ்கில்லாவுக்கு அக்கா மேல் கோபம் எதுவும் இல்லை. வெங்காயத்தின் மேல்தான் கோபம். மச்சான் மண்டியில் இருப்பதால் அந்த வீட்டில் சின்ன வெங்காயம் சாக்குக் கணக்கில் கிடக்கும். இவள் வாசலில் செருப்பைக் கழற்றியதும் அக்கா ஒரு சுளகு நிறைய வெங்காயத்தை முன்னால் வைத்துவிடுவாள். இரண்டு பேரும் உரித்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். நானும் மச்சானும் டிவி பார்ப்போம். எல்லாரும் சந்தோஷமாக இருப்பதாகத்தான் நான் நினைத்திருந்தேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன கஷ்டம் என்று புரியாது. கூடப் பிறந்தவள் இருக்கிற ஊரில் ஒருத்தன் லாட்ஜில் ரூம் போட்டான் என்றால், குடும்பத்துக்குள் வெட்டுக்குத்து என்று அர்த்தம். மறுநாள் கோயில் பூசைக்கு வந்தவர்களெல்லாம் அக்காவிடம் துக்கம் விசாரிப்பார்கள். அக்காவும் சத்தம் போடுகிறவள் அல்ல. பேச்சை நிறுத்திவிடுவாள். ஒருமுறை கிடாவெட்டுக்குத் தாமதமாகச் சொன்னதற்காக ஒரு ஈஸ்டரிலிருந்து அடுத்த ஈஸ்டர் வரை என்னோடு பேசவில்லை. ஆகவே ரூம் மலிவாக இருக்க வேண்டும், மரியாதையாக இருக்க வேண்டும், அக்கா கண்ணிலும் படக்கூடாது. கப்பலே கட்டிவிடலாம் போலிருந்தது.

உரம் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஒரு பகல் முழுக்க டவுனில் அலைந்தேன். முதலில் பார்த்த லாட்ஜ் வாடகை சல்லிசுதான். ஆனால் மாடி வராந்தாவில் ஒரு வெள்ளாடு நின்றது. அய்யலூர் சந்தையில் விலை படியாமல் திரும்பிய வியாபாரியுடையதாம். காலையில் காலி பண்ணிவிடும் என்று மேனேஜர் சொன்னார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அது என் சட்டைப்பையிலிருந்த கம்பெனிக் காலண்டரைத் தின்ன ஆரம்பித்தது. இரண்டாவது லாட்ஜில் வாசலில் மீன்தொட்டி எல்லாம் வைத்திருந்தார்கள். வாடகையைக் கேட்டதும், அவர்கள் கொடுத்த தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

மூன்றாவதுதான் கர்த்தர் எனக்கென்றே கட்டிவைத்த லாட்ஜ். சுத்தமான தரை, வெள்ளை விரிப்பு, குழாயில் வெந்நீர், வாடகையும் கைக்கு அடக்கம். அக்கா வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்தது. ஆனால் மேனேஜர் சேக் பரீது என் ஊரைக் கேட்டதும் பேனாவை மூடினார். அவர் தலைக்கு மேலே ஒரு பலகை தொங்கியது: உள்ளூர்க்காரருக்கு ரூம் இல்லை.

ஆத்தூர் எப்படி உள்ளூர் ஆகும் என்று கேட்டேன்.

"டவுன் பஸ் போற ஊரெல்லாம் எங்களுக்கு உள்ளூருதான் சார். இம்புட்டுப் பக்கத்துல வீட்ட வெச்சுக்கிட்டு எதுக்கு ரூமு? அதுவும் ஒரு பொம்பளையக் கூட்டிக்கிட்டு."

அந்தப் பொம்பளை என் பெண்டாட்டி என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே அவரை இரண்டு கேள்வி கேட்டிருப்பேன். பொம்மையனின் குறட்டை நினைவுக்கு வந்து அடக்கிக்கொண்டேன். கப்பல் விவரத்தை எல்லாம் சொன்ன பிறகு அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். உள்ளூரில் தெரிந்தவர் யாரையாவது கூட்டி வரச் சொன்னார். யாருக்கும் தெரியக்கூடாது என்றதும் மறுபடி பேனாவை மூடினார். கடைசியில், கல்யாணப் போட்டோ கொண்டுவந்தால் யோசிக்கலாம் என்று முடித்தார்.

கிளம்புகிற அன்று சாயங்காலம், கம்பெனி வண்டி ஆத்தூருக்கே வந்து ஏற்றிக்கொள்ளும் என்று அக்காவிடம் போனில் ஒரு பொய்யைச் சொன்னேன். பிறகு கூடத்துச் சுவரிலிருந்த கல்யாணப் போட்டோவைச் சட்டத்தோடு கழற்றிப் போர்வையில் சுற்றினேன். பெட்டியைப் பிரிஸ்கில்லாவும் போட்டோவை நானுமாகத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தோம். கண்டக்டர் அதைச் சாமி படம் என்று நினைத்து உட்கார இடம் வாங்கிக் கொடுத்தார்.

சேக் பரீது போட்டோவை மேஜைமேல் நிறுத்தி வெகு நேரம் பார்த்தார். பிரிஸ்கில்லாவைப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் என்னைப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். போட்டோவில் எனக்குக் காது மறைகிற முடியும், இடுப்பு என்று ஒன்றும் இருந்தன.

"அம்மா சரியாத்தான் இருக்காக. மாப்பிள்ளைதான் வேற ஆளு மாதிரி தெரியுது."

ரூம்களுக்கு டீ கொண்டு போகிற முனியப்பனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் வேறு ஆள்தான் என்றார். நான் பிரிஸ்கில்லாவிடம் சொல்லச் சொன்னேன். அவள் போட்டோவை வாங்கி ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, அப்படியே அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். இருபத்தைந்து வருஷம் குடித்தனம் பண்ணியவனுக்கு இது தேவையா?

அப்போது சேக் பரீதின் விரல் மாலைக்குப் பின்னால் நின்ற ஒரு முகத்தின் மேல் போய் நின்றது. உட்கார்ந்திருந்தவர் சட்டென்று எழுந்துவிட்டார். போட்டோவுக்குத்தான் எழுந்தார்.

"இது செபஸ்தியம்மா டீச்சர்ல?"

நாலாம் வகுப்பில் அக்காவிடம் படித்தவராம். அவர் பிள்ளைகளும் இப்போது அக்காவிடம்தான் டியூஷன் போகிறார்களாம். டீச்சர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று போனை எடுத்தார். டீச்சர் தூங்கியிருப்பார் என்றேன். மணி ஏழுதான் ஆகிறது என்றார். நான் அவர் கையைப் பிடிப்பதற்குள், "வணக்கம் டீச்சர்" என்றுவிட்டார்.

அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினாள். பெட்டியைப் பார்த்தாள். போர்வையைப் பார்த்தாள். அதற்குள்ளிருந்து எட்டிப் பார்த்த தன் இளமுகத்தையும் பார்த்தாள். சேக் பரீது கைகட்டி நின்று, இவர்கள் புருஷன் பெண்டாட்டிதானா என்று பணிவாகக் கேட்டார்.

"இவ என் தம்பி பொண்டாட்டி. தங்கமான பிள்ளை. அவளுக்கு ரூம் குடு. இந்த ஆளு யாருன்னு எனக்குத் தெரியாது."

சேக் பரீது டீச்சர் சொல்லைத் தட்டுகிறவர் அல்ல. சாவியைப் பிரிஸ்கில்லாவின் கையில் கொடுத்தார். அவள் அதை மூடிப் பிடித்துக்கொண்ட விதத்தைப் பார்த்தால், கல்யாணத்தன்று நான் போட்ட மோதிரத்தைக்கூட அப்படிப் பிடித்ததாக நினைவில்லை. அக்கா அவள் பின்னாலேயே மாடி ஏறினாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு இழுத்துக்கொண்டு போகத்தான் ஏறினாள். அது அவள் நடையிலேயே தெரிந்தது.

நான் கீழே போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. முனியப்பன் இரண்டு டீ கொண்டுபோனார். அப்புறம் புரோட்டாப் பொட்டலமும் சால்னாவும் என்னைத் தாண்டி மேலே போயின.

மேலே நடந்ததைப் பிரிஸ்கில்லா பிறகு சொன்னாள். அக்கா திட்டுவதற்காகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாளாம். மெத்தை ஒரு தரம் தூக்கிப் போட்டதாம். எழுந்து போய்க் குழாயைத் திறந்து வெந்நீரில் கை வைத்துப் பார்த்தாளாம். திரும்பி வந்து விரிப்பைத் தடவிக்கொண்டே, நாளைக்கு இதை யார் துவைப்பார்கள் என்று கேட்டாளாம். "நாம இல்ல மதினி" என்று இவள் சொன்னதும், அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாளாம். டவுனுக்கு வந்த சொந்தம் அம்புட்டும் என் வீட்டில் தங்கிவிட்டுப் போகிறது, நான் போய்த் தங்க எனக்கு ஒரு ஊர் உண்டா என்று விட்டத்தைப் பார்த்துக் கேட்டாளாம்.

இதெல்லாம் தெரியாமல் கீழே பசியோடு இருந்த என்னிடம், பிரிஸ்கில்லா மாடிப்படியில் பாதி இறங்கி வந்து சொன்னாள்.

"மதினி இங்கயே படுத்துக்கிறாகளாம். ரெண்டு பேருக்குத்தான் ரூமு. நீங்க மதினி வீட்டுக்குப் போங்க."

போனேன். மச்சான் கதவைத் திறந்தார். மறுநாள் அவர்கள் வீட்டில் அன்பியக் கூட்டமாம். தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாம் ஜெபத்துக்கு வரும், வருகிற எல்லாருக்கும் சாப்பாடு. அக்கா போனில் எல்லாம் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. நான் செருப்பைக் கழற்றியதும் மச்சான் ஒரு சுளகு நிறைய வெங்காயத்தை என் முன்னால் வைத்தார்.

"நீ உரி மாப்ள. நான் டிவி பாத்துக்கிட்டே பேசிக்கிட்டு இருக்கேன்."

விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது இரண்டு பேரும் வெந்நீரில் குளித்துவிட்டுப் புதுப்பெண்கள் மாதிரி நின்றார்கள். அக்கா என்னோடு பேசவில்லை. பிரிஸ்கில்லாவின் தலையில் சிலுவை போட்டு ஏற்றிவிட்டாள். முன்சீட்டில் பொம்மையன் அதற்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பஸ் நகர்ந்ததும் பிரிஸ்கில்லா மூக்கைச் சுளித்து, என்ன நாற்றம் என்று கேட்டாள். கையை நீட்டினேன். மோந்து பார்த்தாள்.

"எம்புட்டு உரிச்சீக?"

"ஒரு சுளகு."

"எனக்கு எப்பவும் ரெண்டு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. சோப்புப் போட்டும் போகாத அந்தக் கையை மடிக்குள் வைத்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் அவளே பேசினாள். திரும்பி வருகிற அன்றைக்கும் ஆத்தூருக்குக் கடைசி பஸ் கிடைக்காதாம். அதனால் மதினி அதே ரூமைச் சொல்லி வைத்துவிட்டாளாம்.

"ரெண்டு பேருக்குத்தான்" என்றாள்.

எந்த இரண்டு பேர் என்று நான் கேட்கவில்லை.