இல்லை என்று சொன்ன பட்டறை

சூசைநாதனின் வெல்டிங் பட்டறை ஒரு வியாழக்கிழமை காலையில் காணாமல் போனது. ஞாயிறு பூசைக்குள் அவருடைய இடது கையும் போய்விட்டது. வலியில்லை, ரத்தமில்லை. பாகூர்ப் பக்கத்தில் அந்த மாதம் பலருக்கும் இப்படித்தான் நடந்தது.

நாட்டில் பில் இல்லாமல், வரி இல்லாமல் நடக்கிற தொழில் எவ்வளவு என்று அளக்க அரசாங்க ஆட்கள் வந்திருந்தார்கள். இந்தத் தெருவுக்கு வந்தவள் பிரியதர்ஷினி, தங்கமான பெண். ஆனால் யார் வந்து எதைக் கேட்டாலும் இல்லை என்றுவிடுவது இங்கே வழக்கம்; உண்மையைச் சொன்னால் ஏழைகளுக்கான சிவப்பு ரேஷன் கார்டு வசதியானவர்களின் மஞ்சளாகிவிடுமே! சூசைநாதனின் மனைவி காசம்மாளும் வாசலை மறித்து நின்று, "பட்டறையா? அதெல்லாம் இல்லம்மா. அவரும் இல்ல, எங்கியோ பூட்டாரு. நான் ஒண்டிதான்" என்றாள். பின்பக்கம் சூசைநாதன் மெஷினை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? இல்லை என்று சொன்னதெல்லாம் இல்லாமல் போகத் தொடங்கியது. எதிர்வீட்டு சுப்பராயலு மறைத்த கறவை மாடுகள் வாலிலிருந்து கரைந்தன. போலீசில் புகார் கொடுக்கலாமென்றால், மாடு இருந்ததை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரே வாயை மூடிக்கொண்டு பயந்தது. கணக்கில் வராத தொழில் வேகமாகக் குறைகிறது என்று டிவியில் சந்தோஷமாகச் சொன்னார்கள்.

கணவர் இடுப்பு வரை மறைந்ததும் காசம்மாள் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு ஓடினாள்.

"பொய் சொல்லிட்டேம்மா. பட்டறை இருந்திச்சி, அவரும் இருக்காரு. கார்டு போனா போவுது, எழுதிக்கம்மா!"

"அறிக்கை போயிடுச்சேக்கா. ஏதாவது ஒரு பில் இருந்தா திருத்தலாம்" என்றாள் பிரியதர்ஷினி.

பில் போட்டிருந்தால் இந்தப் பாடே இல்லையே.

கிறிஸ்துமஸுக்குள் அவர் முழுக்கப் போய், செருமல் மட்டும் மிஞ்சியது. காசம்மாள் அதற்குச் சோறு வைத்தாள், அதோடு சண்டையும் போட்டாள். அதுவும் நின்றுவிடுமோ என்ற பயத்தில் அடுப்படியில்கூடக் காதைத் தீட்டிக்கொண்டே இருந்தாள்.

மறுவருஷம் பிரியதர்ஷினி திரும்ப வந்து, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள்.

"ரெண்டு பேரும்மா. அவரு உள்ளதான் குந்திகினு இருக்காரு."

பிரியதர்ஷினி எட்டிப் பார்த்தாள். வெறும் நாற்காலி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. காசம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டே, கணவரை இழந்தவர் என்று பதிந்தாள். உள்ளே செருமல் பாதியில் நின்றது.

சாயங்காலம் தெருவே வந்து அழுதது. சுப்பராயலு சாமியானா போட ஆள் பிடித்தார். உடல் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.